பதினொன்றாம் வகுப்பு ஓர் அமானிதம்

(பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதை அடுத்து, நமது பள்ளிவாசலில் நடைபெற்ற பெற்றோர் – மாணவர் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாம் வல்ல அல்லாஹ்வின் திருப்பெயரால் துவங்குகிறோம். புகழ் அனைத்தும் அவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



தமிழில் ‘பள்ளி’ என்னும் ஒரே சொல்லை இறையில்லத்திற்கும் கல்விக்கூடத்திற்கும் நாம் வழங்கி வருகிறோம். ஆகவே, பள்ளிவாசலில் நின்று பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவது இடம் மாறிப் பேசுவதாகாது. தொழுகையைப் பற்றி விளக்குவது எவ்வாறு நமது கடமையோ, அவ்வாறே நம் பிள்ளைகளின் இரண்டு ஆண்டுகள் வீணாகாமல் எச்சரிப்பதும் நமது கடமை என்றே கருதுகிறோம்.

ஒரு கையெழுத்தின் கனம்

பத்தாம் வகுப்பின் முடிவு வந்த நாளிலிருந்து மேனிலைப் பள்ளிகளில் சேர்க்கை முடியும் நாள் வரை நமக்குக் கிடைப்பவை சில வாரங்களே. அந்தச் சில வாரங்களில், தாம்பரம் மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் தந்தையும், பம்மல் தோல் தொழிலில் உழைக்கும் தந்தையும், வளைகுடா நாட்டிலிருந்து தொலைபேசியில் பேசும் தந்தையும் ஒரே கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்களாகிறார்கள். பிள்ளைக்கு எந்த ‘குரூப்’? அதாவது எந்தப் பாடப்பிரிவு?

மகளுக்கு நகை எடுப்பதற்கு நான்கு கடை ஏறி இறங்கும் நாம், இந்தக் கேள்விக்கு அடுத்த வீட்டுக்காரர் என்ன செய்தார் என்பதைக் கேட்டு விடை எழுதி விடுகிறோம். படிவத்தில் கையெழுத்திடும் அந்த நொடியில் சில வாசல்கள் திறக்கின்றன. சில வாசல்கள் மூடப்படுகின்றன. பிள்ளைகள் நமது உடைமை அல்லர். அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள். அமானிதத்தைக் குறித்து நாளை மறுமையில் விசாரணை உண்டு என்பதை மறந்து விட்டு அந்தக் கையெழுத்தை இடக் கூடாது.

எந்தப் பிரிவு, எந்த வாசல்?

முதலில் விவரத்தை அறிந்து கொள்வோம். பொறியியல் கல்லூரிக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்றும் தேவை. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளுக்கான மாநிலக் கலந்தாய்வில் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200க்குத் தரவரிசை கணக்கிடப்படுகிறது. ‘கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க வேண்டுமானால் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இருந்தே தீர வேண்டும்’ என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. அந்தக் கணக்கில் வருபவை மேற்சொன்ன மூன்று பாடங்களே.

மருத்துவத்திற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் தேவை. அவற்றுடன் நீட் தேர்வும் உண்டு. கட்டிடக்கலைக்குக் கணிதம் இல்லாமல் வழியில்லை. கிண்டியிலுள்ள ஐ.ஐ.டி.யில் பி.டெக். சேர ஜே.இ.இ. தேர்வின் இரு கட்டங்களையும் கடக்க வேண்டும். பொதுவாகப் பன்னிரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும், அல்லது தத்தம் வாரியத்தின் முதல் 20 விழுக்காட்டினருள் ஒருவராக இருக்க வேண்டும். நமக்கு அருகிலுள்ள சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. கணிதத்தையே உயிராகக் கருதும் பிள்ளைகள் அதன் நுழைவுத் தேர்வை எழுதிச் சேரலாம். இப்படியொரு நிறுவனம் அண்மையில் இருப்பதே நம் மஹல்லாவில் பலருக்குத் தெரியாது.

வணிகவியல் பிரிவைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். ஆடிட்டர் படிப்பாகிய சி.ஏ.வுக்கு எந்தப் பிரிவில் படித்தவரும் வரலாம். ஆயினும் அதன் முதல் நிலையான ஃபவுண்டேஷன் தேர்வில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் அடங்கிய தாள் ஒன்று உண்டு. எனவே வணிகவியல் எடுக்கும் பிள்ளை, இயன்றால் வணிகக் கணிதம் உள்ள பிரிவை எடுப்பது நலம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கும் பாடப்பிரிவுத் தடை இல்லை. நம் சமுதாயத்திற்கு மருத்துவர்கள் தேவைப்படுவதைப் போலவே வழக்கறிஞர்களும் ஆடிட்டர்களும் ஆசிரியர்களும் தேவைப்படுகிறார்கள்.

எளியதா? கடினமா?

இனி, இக்கூட்டத்தின் மையமான கேள்விக்கு வருவோம். உயர்ந்த கல்லூரியில் இடம் பெற விரும்பும் பிள்ளை, எளிதாக மதிப்பெண் வரும் பாடத்தை எடுப்பதா, கடினமான பாடத்தை எடுப்பதா?

அமெரிக்காவில் பெயர்பெற்ற கல்லூரிகள் பலவற்றில், மாணவர் பள்ளியின் இறுதியாண்டில் எந்தெந்தப் பாடங்களைத் தேர்ந்தெடுத்தார் என்பதையே ஆராய்கின்றனர். இலேசான பாடங்களில் நிறைந்த மதிப்பெண் வாங்கியவரை விட, கடினமான பாடங்களைத் துணிந்தெடுத்து அவற்றில் நன்கு தேறியவரை மதிக்கின்றனர். இடம் கிடைத்த பின் இறுதியாண்டில் படிப்பைக் கைவிட்டவருக்குக் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெற்றுக் கொள்வதும் அங்கு உண்டு. இங்கிலாந்தில் பதினாறு வயதில் பெரும்பாலும் மூன்று பாடங்களைத் தெரிவு செய்கின்றனர். பல்கலைக்கழகத்தின் எந்த வாசல் திறக்கும் என்பதை அந்த மூன்றுமே பெரிதும் தீர்மானிக்கின்றன.

நம் மாநிலத்தில் நிலைமை வேறு. இங்கு கலந்தாய்வுக் கணினிக்கு மதிப்பெண் மட்டுமே தெரியும். நீங்கள் புரிந்து படித்தீர்களா, மனப்பாடம் செய்தீர்களா என்பது அதற்குத் தெரியாது. ஆகவேதான், ‘சுமையைக் குறைத்து மதிப்பெண்ணைக் கூட்டு’ என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி விட்டது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள் விஷயத்திலும் இதே எண்ணம் வேலை செய்கிறது. 2020ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து அங்கு பத்தாம் வகுப்பிலேயே கணிதம் இரு நிலைகளாக, ‘ஸ்டாண்டர்டு’, ‘பேசிக்’ என வைக்கப்பட்டுள்ளது. எளியது என்பதற்காக ‘பேசிக்’ நிலையைத் தேர்ந்தெடுக்கு முன், பதினொன்றாம் வகுப்பில் கணிதம் கிடைக்குமா என்று பள்ளியில் கேட்டறிந்து கொள்ள வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் இதை இப்போதே குறித்துக் கொள்வீராக!

எளிய பாடத்தில் வாங்கிய மதிப்பெண் சேர்க்கை நாளன்று மட்டுமே பேசும். அதற்கு அடுத்த நாளிலிருந்து, வகுப்பறையில் பிள்ளையின் உண்மையான அறிவுதான் பேச வேண்டும். பொறியியல் முதல் பருவத்திலேயே கணிதம் காத்திருக்கிறது. கல்லூரியில் சேருவது மட்டும் நம் நோக்கமன்று. சேர்ந்த இடத்தில் நின்று படித்து, தேறி வெளிவருவதே நோக்கம்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. நிற்கிறது. 1949இல் சி. ராஜம் அவர்களால் நிறுவப்பட்ட கல்விக்கூடம் அது. இராமேசுவரத்தில் 1931இல் பிறந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் அங்குதான் விமானப் பொறியியல் பயின்றார்கள். சிறு வயதில் அதிகாலையில் எழுந்து கணிதப் பாடம், பின்னர் தொழுகையும் குர்ஆன் ஓதுதலும், அதன் பின் செய்தித்தாள் விநியோகம் என்று தம் நாள் அமைந்திருந்ததை அவர்கள் நினைவு கூர்ந்துள்ளார்கள். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் அவர்கள் படித்தது இயற்பியல். தமக்குரிய துறை இயற்பியலன்று, பொறியியலே என்பதைப் பட்டம் பெற்ற பின்னரே உணர்ந்ததாக ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் சொல்கிறார்கள். அக்காலத்தில் எம்.ஐ.டி.யில் அறிவியல் பட்டதாரிகளைச் சேர்த்துப் பொறியியல் கற்பித்தனர். சேர்க்கைக்குத் தேவைப்பட்ட ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க்கு, சகோதரி ஜொஹரா அவர்கள் தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார்கள்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, துறையைத் தாமதமாக உணர்ந்த போதும் அவர்களுக்கு வாசல் திறந்திருந்தது. ஏனெனில் கணிதமும் இயற்பியலும் அவர்கள் கையில் இருந்தன. அடிப்படையான கடின பாடங்களைக் கற்றவருக்கு மனம் மாறும் உரிமை மிச்சமிருக்கும். அவற்றைத் தவிர்த்தவருக்கு அந்த உரிமை சுருங்கி விடும். மற்றொன்று, நகையை அடகு வைத்தேனும் படிக்க வைத்தவர் அக்குடும்பத்துப் பெண்மணி என்பது.

மறைந்து போகும் ஓராண்டு

பாடப்பிரிவைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. அந்தப் பாடத்தை இரண்டு ஆண்டுகளும் நேர்மையாகப் படிப்பதே மீதி வேலை. இங்குதான் பெரிய இழப்பு நேர்கிறது.

தமிழகத்தில் பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒப்புக்கு நடத்தி விட்டு, அல்லது நடத்தாமலே விட்டு விட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் உருப்போட வைத்தன. பொறியியலுக்கும் மருத்துவத்திற்கும் 1984 முதல் இருந்து வந்த மாநில நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, 2007 முதல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே சேர்க்கையைத் தீர்மானித்த பின் இவ்வழக்கம் மேலும் வலுப்பெற்றது. இதைத் தடுக்கவே 2017–18ஆம் கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் அரசுப் பொதுத்தேர்வு கொண்டு வரப்பட்டது. ஆனால் அம்மதிப்பெண் உயர்கல்விச் சேர்க்கைக்குக் கணக்கில் எடுக்கப்பட மாட்டாது என 2018இல் அரசு அறிவித்தது. இப்போது, 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைக்கும் நோக்கில் 2025–26ஆம் கல்வியாண்டு முதல் அந்தப் பொதுத்தேர்வே நீக்கப்பட்டு விட்டது.

பிள்ளைகளின் பாரம் குறைந்ததில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆயினும், தேர்வு நீங்கியதால் பாடமும் நீங்கி விட்டது என்று எவரேனும் எண்ணினால் அது பெரும் ஆபத்து. பொதுத்தேர்வு என்னும் காவலாளி இல்லாத ஆண்டில் பெற்றோரே காவலாளி ஆக வேண்டும்.

ஏனென்று கேட்பீராயின், பாடத்திட்டத்தைப் பாருங்கள். இயற்பியலில் விசையும் இயக்கமும், ஈர்ப்பும், வெப்ப இயக்கவியலும், அலைகளும் பதினொன்றாம் வகுப்பில் உள்ளன. மனித உடலியங்கியல் பதினொன்றாம் வகுப்பில் உள்ளது. வேதியியலின் மோல் கணக்கும், கரிம வேதியியலின் அடிப்படையும் அங்கேதான் உள்ளன. கணிதத்தில் முக்கோணவியலும், வகையிடலின் தொடக்கமும் அங்கேதான். நீட், ஜே.இ.இ. இரண்டுமே இவ்விரு வகுப்புகளின் பாடங்களிலிருந்தும் வினா எழுப்புகின்றன. 2025ஆம் ஆண்டு நீட் தேர்வில் 180 வினாக்கள். அவற்றுள் 90 உயிரியல். பதினொன்றாம் வகுப்பைத் தாண்டிக் குதித்தவர் அந்த வினாத்தாளை எதிர்கொள்வது ஒரு கையைக் கட்டிக் கொண்டு நீந்துவதற்கு ஒப்பாகும்.

மதரஸாவில் ஓதியவர்கள் இதை எளிதில் விளங்கிக் கொள்வார்கள். அரபிக் கல்லூரியில் நாம் முதலில் ஓதுவது ஸர்பும் நஹ்வுமாகிய சொல்லிலக்கணமும் வாக்கிய இலக்கணமுமே. வாய் வலிக்க வலிக்க வினைச்சொற்களை மாற்றி மாற்றி ஒப்பிக்க வேண்டும். ஃபிக்ஹும் ஹதீஸும் ஓத வந்த மாணவருக்கு அது சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தொடக்க ஆண்டுகளை ஏமாற்றியவர், பின்னர் பெரிய கிதாபுகளின் முன் அமரும் போது ஒரு வரியைக் கூடத் தாமாக வாசிக்க இயலாமல், உஸ்தாத் சொல்வதைக் கேட்டு எழுதிக் கொள்பவராகவே இருந்து விடுகிறார். மேனிலைக் கல்வியின் ஸர்பும் நஹ்வும் பதினொன்றாம் வகுப்பே.

ஒரு செயலைச் செய்பவர் அதைச் செம்மையாகச் செய்து முடிப்பதை அல்லாஹ் விரும்புகிறான் என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை உண்டு. அந்தச் செம்மை தொழுகையின் ருகூவுக்கும் ஸுஜூதுக்கும் மட்டும் உரியதன்று, பாடப்புத்தகத்திற்கும் உரியது.

சுமக்கக் கூடிய சுமை

அப்படியானால் எல்லாப் பிள்ளைகளையும் ‘ஃபர்ஸ்ட் குரூப்’பில் தள்ளி விடலாமா? அதுவும் அநீதியே.

நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் ஜைத் பின் ஸாபித் (ரலி) என்னும் இளைஞரை அழைத்து, யூதர்களின் எழுத்தைக் கற்றுக் கொள்ளுமாறு பணித்தார்கள். ஏறத்தாழ அரை மாதத்தில் அவர் கற்றுத் தேர்ந்தார் என்று ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். கடினமான பணிதான். ஆனால் யாரிடம் ஒப்படைத்தார்கள்? சிறு வயதிலேயே பல ஸூராக்களை மனனம் செய்து, நினைவாற்றலை வெளிப்படுத்தியிருந்த ஒருவரிடம். ஹஸ்ஸான் (ரலி) அவர்களிடம் கவிதையை எதிர்பார்த்தார்கள். முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பினார்கள். அவரவர் தகுதியறிந்து பொறுப்பளிப்பது நபிவழி.

நம்மிடம் ஆலோசனைக்கு வந்த குடும்பங்களில் இரு வகையான துயரங்களைக் கண்டிருக்கிறோம். கணக்கில் தடுமாறிய மகனை, ‘எங்கள் குடும்பத்தில் ஒரு டாக்டர் வேண்டும்’ என்பதற்காகக் கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் சேர்த்து, தொலைவிலுள்ள விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார் ஒரு தந்தை. அரையாண்டுத் தேர்வுக்குள் அப்பிள்ளை பேச்சையே குறைத்துக் கொண்டான். இன்னொரு வீட்டில், கணிதத்தில் வகுப்பிலேயே முதலாவதாக நின்ற மகளை, ‘பெண்பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு கஷ்டம்’ என்று கூறி, அவள் விரும்பாத பிரிவில் சேர்த்தனர். இரண்டாண்டுக்குப் பின் கட்டிடக்கலை படிக்க அவள் ஆசைப்பட்ட போது வாசல் மூடியிருந்தது. முதலாமவன் மீது தூக்க முடியாத சுமை ஏற்றப்பட்டது. இரண்டாமவளிடமிருந்து தூக்கக் கூடிய சுமை பறிக்கப்பட்டது. இரண்டும் அமானிதத்திற்குச் செய்த குறையே.

பிள்ளை சுமக்கக் கூடிய சுமை எது என்பதை எவ்வாறு அறிவது? பத்தாம் வகுப்பின் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். கணிதத்திலும் அறிவியலிலும் தனித்தனியே என்ன பெற்றான் என்று பாருங்கள். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்களையும் எடுத்து ஒப்பிடுங்கள். எந்தப் பாடத்தை நாம் சொல்லாமலே தானாக எடுத்து அமர்கிறான் என்று கவனியுங்கள். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை ஒரு வாரம் கையில் கொடுத்து, முதல் பாடத்தை வாசிக்கச் சொல்லுங்கள். கடினமாக இருந்தும் விடாமல் வாசித்தால் அது நல்ல அடையாளம். கற்பித்த ஆசிரியரை நேரில் சென்று கேளுங்கள். பத்ருப் போரில் சிறைப்பட்டோரில் எழுதத் தெரிந்தவர்கள், மதீனாவின் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பித்து விடுதலை பெற்றார்கள் என்பது வரலாறு. அறிவு எவரிடமிருந்து வந்தாலும் பெற்றுக் கொள்வது நம் மரபு. நம் பிள்ளைக்குப் பாடம் சொன்ன ஆசிரியரின் கருத்து, நம் உறவினர் பத்துப் பேரின் கருத்தை விட மேலானது.

பெற்றோர்களே! ஒன்றை மிகுந்த வேதனையோடு சொல்கிறோம். நம் புறநகர்ப் பகுதியிலேயே, நீட் தேர்வின் தோல்வியைத் தாங்க இயலாமல் ஒரு மாணவரும் அவரைத் தொடர்ந்து அவருடைய தந்தையும் உயிரிழந்த துயரத்தை 2023இல் கண்டோம். எந்தக் கல்லூரி இடமும் ஓர் உயிருக்கு ஈடாகாது. பிள்ளை உறங்காமல், உண்ணாமல், பேசாமல் ஒதுங்கினால் அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்வது வெட்கத்திற்குரியதன்று. 104, 14416 ஆகிய எண்களில் மனநல ஆலோசனை கிடைக்கிறது. நள்ளிரவாயினும் இப்பள்ளியின் இமாமுடைய கதவைத் தட்டலாம்.

அரசுப் பள்ளி மாணவரின் உரிமை

அரசுப் பள்ளியில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கூர்ந்து கேட்க வேண்டும். மருத்துவக் கல்வியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் சட்டம் 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது விரிவாக்கப்பட்டது. அவ்வாறு சேருவோரின் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இவ்வுரிமை பொதுவாக 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றதும், கடன் வாங்கியேனும் தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்க ஓடும் பெற்றோர், ஐந்தாண்டு சேர்த்து வைத்த உரிமையை ஒரே நாளில் இழக்க நேரிடுகிறது. மாணவியருக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுவதும் இத்தகைய தகுதியைப் பொறுத்ததே. பள்ளியை மாற்றுமுன் இவற்றை எண்ணிப் பாருங்கள்.

2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. அதற்குரிய சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ் ஆகியவற்றை இப்போதே பெற்று வைப்பீராக! கலந்தாய்வு நாளன்று வட்டாட்சியர் அலுவலக வாசலில் நிற்கும் நிலை வேண்டாம். மேலும், ஒதுக்கீட்டின் வழியாகச் சேர்ந்த பிள்ளையும் அதே வகுப்பில், அதே தேர்வைத்தான் எழுத வேண்டும். ஒதுக்கீடு வாசலைத் திறக்கும். உள்ளே நடப்பதற்குக் கால் வலு வேண்டும். அந்த வலுவைத் தருவது கடினமான பாடத்தை நேர்மையாகப் படித்த அந்த இரண்டு ஆண்டுகளே.

இஸ்திகாராவும் மஷூராவும்

முடிவெடுக்கும் முன் இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாரா செய்யுங்கள். ஆனால் இஸ்திகாராவைக் கனவுக்குக் காத்திருக்கும் சடங்காக ஆக்கி விடாதீர்கள். விசாரிக்க வேண்டியதை விசாரித்து, மஷூரா செய்ய வேண்டியவர்களிடம் மஷூரா செய்து, பின்னர் நன்மையை அல்லாஹ்விடம் கேட்பதே அதன் முறை. ஒட்டகத்தைக் கட்டி வைத்து விட்டுத் தவக்குல் வைக்குமாறு கற்பித்த நபியின் உம்மத்தினர் நாம். அந்த மஷூராவில் பிள்ளையையும் அமர்த்துங்கள். சுமக்கப் போகிறவரைக் கேட்காமல் சுமையைத் தீர்மானிப்பது முறையாகாது.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு ஒரு வார்த்தை. நண்பன் சேர்ந்தான் என்பதற்காக ஒரு பிரிவில் சேராதீர்கள். கணக்கு வராது என்று நீங்களே உங்களுக்கு முத்திரை குத்திக் கொள்ளாதீர்கள். ‘அல்ஜீப்ரா’ என்னும் சொல்லே அல்குவாரிஸ்மி என்னும் முஸ்லிம் அறிஞரின் நூற்பெயரிலுள்ள ‘அல்ஜப்ர்’ என்னும் அரபிச் சொல்லிலிருந்து பிறந்தது. எடுத்த பாடத்தை அன்றன்றைக்கே படியுங்கள். ஃபஜ்ருக்குப் பின் உள்ள ஒரு மணி நேரம், இரவின் மூன்று மணி நேரத்திற்குச் சமம். பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பாடம் நடத்தப்படவில்லையெனில், அதை மறைக்காமல் வீட்டில் சொல்லுங்கள். முதல் பருவத்திலேயே பாடம் பெரும் பாரமாகத் தோன்றினால், பிரிவை மாற்ற முடியுமா என்று தாமதிக்காமல் பள்ளியில் கேளுங்கள். தகுந்த காலத்தில் மாறுவது தோல்வியன்று.

ஜமாஅத்தின் கடமை

நிர்வாகப் பெருமக்களிடம் நான்கு கோரிக்கைகளை வைக்கிறோம். முதலாவது, மக்தப் கூடத்தை இஷாவுக்குப் பின் பத்தரை மணி வரை மேனிலை மாணவர்கள் அமர்ந்து படிக்கத் திறந்து விட வேண்டும். ஓர் அறை வீட்டில் தொலைக்காட்சிக்கும் தையல் இயந்திரத்திற்கும் இடையே படிக்கும் பிள்ளைக்கு அமைதியான ஒரு மேசையே பெரிய உதவி. இரண்டாவது, மஹல்லாவில் உள்ள பொறியாளர்களும் ஆசிரியர்களும் வாரம் ஒரு நாள், பதினொன்றாம் வகுப்புப் பாடத்திற்கென்றே நேரம் ஒதுக்க வேண்டும். மாணவியருக்கு நம் சகோதரிகளே அதை நடத்தலாம். மூன்றாவது, பைத்துல்மாலின் கல்வி உதவியைக் கல்லூரிக் கட்டணத்தோடு நிறுத்தாமல், பதினொன்றாம் வகுப்பிலிருந்தே துவங்க வேண்டும். நான்காவது, பத்தாம் வகுப்பு முடிவு வந்த பின் அன்றி, ஒன்பதாம் வகுப்பிலேயே பெற்றோரை அழைத்து இத்தகைய கூட்டம் நடத்த வேண்டும்.

நம் பங்குக்கு, மேனிலை வகுப்பில் சேரும் பிள்ளைகள் ஓதுவதை நிறுத்தி விடாதிருக்கும் பொருட்டு, மக்தப் நேரத்தை அவர்களின் வசதிக்கேற்ப மாற்றியமைக்க ஆயத்தமாக இருக்கிறோம். குர்ஆனா, கணிதமா என்று பிள்ளைகளை ஒரு முனையில் நிறுத்த வேண்டாம். இரண்டுக்கும் நேரமுண்டு, ஒழுங்குதான் வேண்டும்.

கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் 1984இல் நம் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரியைத் துவக்கினார்கள். முன்னோர்கள் தம் செல்வத்தைச் செலவிட்டு வாசல்களை அமைத்துத் தந்தார்கள். அந்த வாசல்கள் வழியே தகுதியோடு நுழையும் பிள்ளைகளை ஆயத்தம் செய்வதே நம் தலைமுறையின் பொறுப்பு. அந்த ஆயத்தம் கல்லூரியில் துவங்குவதில்லை. வரும் ஜூன் மாதத்தில், பதினொன்றாம் வகுப்பின் முதல் நாளில் துவங்குகிறது.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வாயாக! அவர்களால் சுமக்கக் கூடியதைத் தேர்ந்தெடுக்கும் தெளிவை எங்களுக்கும், தேர்ந்தெடுத்ததைச் செம்மையாகச் செய்து முடிக்கும் உறுதியை அவர்களுக்கும் வழங்குவாயாக! தோற்றவர்களைத் தேற்றும் நெஞ்சத்தையும், வென்றவர்களுக்குப் பணிவையும் தருவாயாக! எங்கள் மஹல்லாவை அறிவாலும் ஈமானாலும் ஒளிரச் செய்வாயாக! ஆமீன்.